மணலுக்கு அடியில் ஆறிய நெருப்பு: தார் பாலைவன மலைகளின் எரிமலைப் பிறப்பு

கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி, கம்பாக்கம், நாகலாபுரம் மலைகள் நீண்டு கிடக்கின்றன. தடா அருவிக்குப் போய்வருகிறவர்கள் அந்தச் செங்குத்துப் பாறைகளைப் பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இவையெல்லாம் ஒரு காலத்தில் எரிமலைகளாக இருந்தவையா? திருவண்ணாமலையைப் பற்றியும் இதையே கேட்கிறார்கள். அணைந்துபோன எரிமலை என்று அதை உறுதியாகச் சொல்கிறவர்களும் பலர். மலை கரடுமுரடாக இருந்தால், அது நெருப்பிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று மனம் எளிதில் முடிவு கட்டிவிடுகிறது.

பாறையை உடைத்துப் பார்த்தால் கதை வேறு. இதே வட்டாரத்து நகரி மலைகளின் உச்சியில் நிற்பது குவார்ட்சைட். பழங்காலக் கடற்கரையிலும் ஆழமற்ற கடலிலும் படிந்த மணல் இறுகி இறுகிக் கல்லானது அது. கடப்பைப் படுகையின் தெற்கு ஓரத்தைச் சேர்ந்த இந்தக் கல்லை ஆறுகள் உருட்டிக் கொண்டுவந்து அல்லிக்குழி, பூண்டி பக்கத்துச் சரளைப் படிவுகளில் சேர்த்தன. அந்தக் கூழாங்கற்களைத்தான் ஆதிமனிதர்கள் அத்திரம்பாக்கத்தில் கைக்கோடரிகளாகச் செதுக்கினார்கள். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அவற்றைக் கண்டெடுத்தார். அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-இல் வெளியான ஆய்வு நிறுவியது. பல்லாவரம், பரங்கிமலையின் சார்னகைட் பாறையோ நிலத்துக்கு அடியில் இருபது கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது. திருவண்ணாமலையும் ஆழத்தில் உருவான பழம் படிகப் பாறைதான். எரிமலை வாயிலிருந்து வழிந்து காற்றுப்பட்டு ஆறிய குழம்பு அங்கே இல்லை. மலையின் புனிதத்துக்கு இதனால் ஒரு குறையும் வராது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் தவறான பாடம் போய்ச் சேரக் கூடாது.

திருவள்ளூருக்கு ஓரளவு அருகில் உண்மையான எரிமலைக் கல்லைப் பார்க்க வேண்டுமானால் கடப்பை மாவட்டத்துப் புலிவேந்துலா பக்கம் போகலாம். கடப்பைப் படுகையின் அடுக்குகளுக்குள் அங்கே எரிகுழம்புப் பாறைகள் கிடக்கின்றன. அவற்றோடு சேர்ந்த ஒரு செருகல் பாறைக்கு ஏறத்தாழ 188 கோடி ஆண்டு வயது கணித்திருக்கிறார்கள். ஆனால் ஒரு மலைத்தொடரே எரிமலையிலிருந்து பிறந்து, இன்று மொட்டைப் பாலைவனத்தின் நடுவே எலும்பாக நிற்கும் காட்சிக்கு இந்தியாவில் ஓர் இடம்தான் உண்டு. மேற்கு ராஜஸ்தானின் ஜோத்பூர், பார்மேர், பலோத்ரா, ஜாலோர், சிரோஹி மாவட்டங்களில் மணலைக் கிழித்து எழுந்து நிற்கும் மலானிக் குன்றுகள்தான் அவை. எரிமலை என்றதும் தக்காணப் பாறைகளையும் அந்தமானின் பாரன் தீவையும் சொல்லும் நம் பாடநூல்களில் மலானிக்கு ஒரு வரிகூடக் கிடைப்பது அரிது. பரப்பிலும் வயதிலும் அது புறக்கணிக்கத் தக்கதல்ல. ஏறத்தாழ 51,000 சதுர கிலோமீட்டர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். சிலிக்கா மிகுந்த குழம்பு இவ்வளவு பரப்பில் வெளிவந்த இடங்கள் உலகிலேயே சிலதான்.

யார் முதலில் பார்த்தார்கள்

மலானி என்பது பார்மேர் வட்டாரத்தின் பழைய பெயர். அந்தப் பெயரைப் பாறைக்குச் சூட்டியவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் வில்லியம் தாமஸ் பிளான்ஃபோர்டு. சிந்துவுக்கும் ராஜபுதனத்துக்கும் இடைப்பட்ட பெரும் பாலைவனத்தைக் கடந்து அவர் எழுதிய குறிப்புகள் 1877-இல் வெளிவந்தன. அவருடைய தம்பி ஹென்றி பிளான்ஃபோர்டுதான் அரியலூர், திருச்சி பகுதிகளின் கடல் படிவுகளை முதலில் முறையாக வரைபடமாக்கியவர். அண்ணன் பாலைவனத்து நெருப்பைப் படித்தார், தம்பி தமிழகத்தின் பழங்கடலைப் படித்தார். பிளான்ஃபோர்டுக்குப் பின் லா டூஷ் 1902-இல் மேற்கு ராஜபுதனத்தின் நிலவியலை விரிவான நூலாக்கினார். அதற்கு முன்பே, 1880-களில், ஹரியானாவின் தோஷாம் குன்றிலும் இதே வகைப் பாறையை மக்மஹோன் கண்டு எழுதியிருந்தார். ஒரே நெருப்பு மாநில எல்லைகளையும் மணல் திட்டுகளையும் தாண்டிச் சிதறிக் கிடக்கிறது என்பது அப்போதே புரியத் தொடங்கியது. இன்று பாகிஸ்தானின் நகர் பார்க்கர், சர்கோதா அருகிலுள்ள கிரானா குன்றுகள் ஆகியவற்றையும் ஆய்வாளர்கள் இதே குடும்பத்தில் சேர்க்கிறார்கள்.

அந்த முன்னோடிகளுக்குப் பாறையின் வயதை அளக்கும் வழி இல்லை. எது எதற்கு மேலே கிடக்கிறது என்று பார்த்துத்தான் முன்பின் சொன்னார்கள். ஜோத்பூரில் அதற்கு அருமையான சாட்சி இருக்கிறது. 1459-இல் ராவ் ஜோதா தொடங்கிய மெஹ்ரான்கர் கோட்டை, மலானி எரிமலைப் பாறை மேட்டின் மேல் நிற்கிறது. கோட்டைச் சுவர்களின் செந்நிறக் கல் ஜோத்பூர் மணற்கல். கோட்டையின் அடிவாரத்தில், எரிமலைப் பாறையின் அரிக்கப்பட்ட மேல்முகத்தின் மீது அந்த மணற்கல் படுக்கையாகப் படிந்திருக்கும் எல்லைக் கோட்டை விரலால் தொட்டுக் காட்டலாம். கீழே நெருப்பின் கல், மேலே நீரின் கல். இரண்டுக்கும் நடுவே பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி. அந்த இடைவெளியில் எத்தனை உயரமான எரிமலைகள் தேய்ந்து மறைந்தன என்பதற்குத் தடயம் அதிகம் இல்லை. நிலவியல் ஆய்வுத் துறை இந்த இடத்தைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருப்பது மிகவும் பொருத்தம்.

சாம்பல் எப்படிக் கல்லானது

மலானியின் பெரும்பகுதி ரையோலைட் என்ற பாறையாலும் அதன் சாம்பல் படிவுகளாலும் ஆனது. தக்காணத்தின் பசால்ட்டிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது என்பதைக் கும்மிடிப்பூண்டி உருக்காலைகளில் உலையடியில் வேலை பார்க்கிறவர்களுக்கு விளக்குவது எளிது. கசடில், அவர்கள் சொல்லும் 'ஸ்லாக்'கில், சிலிக்கா மிகுந்தால் அது பிசுபிசுத்துக் கம்பியில் ஒட்டிக்கொண்டு இழுபடும். சுண்ணாம்பு கலந்தால் இளகி ஓடும். சிலிக்கா அணுத்தொகுதிகள் ஆக்சிஜனைப் பங்கிட்டுக்கொண்டு சங்கிலிபோல் கோத்துக்கொள்வதுதான் காரணம். சுண்ணாம்பு அந்தச் சங்கிலியை அறுக்கிறது. பூமிக்குள்ளும் இதே வேதியியல்தான். சிலிக்கா பாதியளவே உள்ள பசால்ட் குழம்பு 1,100 முதல் 1,200 டிகிரி செல்சியஸில் வெளிவந்து இளகி ஓடிப் பரவுகிறது. எழுபது விழுக்காட்டுக்கு மேல் சிலிக்கா கொண்ட ரையோலைட் குழம்போ 700 முதல் 900 டிகிரியில் இறுகித் தடித்து வருகிறது. அதில் கரைந்திருக்கும் நீராவியும் பிற வாயுக்களும் எளிதில் தப்ப முடியாது. அழுத்தம் ஏறி, ஒரு கட்டத்தில் குழம்பே நுரைத்து வெடித்துத் துகளாகிவிடும்.

அப்படி வெடித்த துகளும் வாயுவும் கலந்து நிலத்தோடு ஒட்டிப் பாய்ந்த மேகங்களின் எச்சம்தான் ஜோத்பூரின் பற்றிணைந்த சாம்பல் பாறை. சாம்பல் விழுந்த இடத்தில் இன்னும் கொதிநிலையில் இருந்ததால், கண்ணாடித் துணுக்குகள் தம் எடையாலேயே நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. உருப்பெருக்கியில் பார்த்தால் தட்டையாக நசுங்கிய நுரைக்கல் துண்டுகள் ஒரே திசையில் படுத்திருப்பது தெரியும். பிறகு அந்தத் திண்ணிய படலம் மெல்ல ஆறிச் சுருங்கியபோது செங்குத்தான தூண்களாகப் பிளந்தது. அந்தத் தூண்களை இன்றும் கோட்டைப் பக்கத்தில் பார்க்கலாம். இதுவும் தனியாக ஒரு தேசிய நிலவியல் நினைவுச் சின்னம்.

ஆனால் வெடிப்பு கதையின் ஓர் அத்தியாயம்தான். மலானியில் மூன்று கட்டங்களை ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டுகிறார்கள். முதலில் கொஞ்சம் பசால்ட்டும், அதைத் தொடர்ந்து பெருமளவு ரையோலைட்டும் சாம்பலும் வெளிவந்தன. அடுத்து, மேலே வர முடியாத குழம்பு அடியிலேயே ஆறிக் கிரானைட் ஆனது. ஜாலோரின் கிரானைட்டும் சிவானாவின் கிரானைட்டும் இந்தக் கட்டத்தவை. கடைசியாக, இவை எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு குறுகலான சுவர்ப் பாறைகள் செருகிக்கொண்டன. ஜாலோரை இன்று 'கிரானைட் நகரம்' என்கிறார்கள். நம் ஊர்க் கடைகளில் 'ராஜஸ்தான் கிரானைட்' என்று அடுக்கி வைத்திருக்கும் பலகைகளில் சில இந்த நெருப்பின் அடிப்பகுதியிலிருந்து அறுத்தெடுத்தவை. சமையலறை மேடையில் பதித்த கல்லில் இளஞ்சிவப்பு மணிகள் பெரிது பெரிதாகத் தெரிந்தால், அந்தக் குழம்புக்கு ஆற அமர நேரம் கிடைத்தது என்று பொருள்.

இந்தக் குன்றுகளில் எல்லாவற்றிலும் சிறப்பானது சிவானா. பார்மேர் பக்கத்து மக்கள் 'சப்பன் பஹாடியான்' என்று அழைக்கும் அந்தக் கரடுமுரடான மலைகள், வானிலிருந்து பார்த்தால் ஒரு வளையமாகத் தெரியும். நடுவில் ரையோலைட், ஓரத்தில் கிரானைட் வளையம். ஒரு பெரிய எரிமலை தன் அடியிலிருந்த குழம்பு அறையைக் காலி செய்துவிட்டு, கூரை தாங்காமல் உள்ளே சரிந்து விழுந்ததன் அடையாளமாக இதைப் படிக்கிறார்கள். சரிந்த விளிம்பின் பிளவு வழியே மீதிக் குழம்பு ஏறிக் கிரானைட் வளையமானது. மழைக்காலத்தில் பிப்லூன் அருகே ஹல்தேஷ்வர் மகாதேவர் கோயிலுக்கு ஏறும் பக்தர்கள் நடப்பது உண்மையில் சரிந்து போன ஓர் எரிமலையின் வயிற்றுக்குள்தான். இங்கு நில அமைப்பைப் பார்த்து 'பள்ளம் எங்கே?' என்று தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கூம்பும் வாயும் எப்போதோ போய்விட்டன. மிஞ்சி நிற்பது எரிமலையின் வேர்.

சிவானா பாறைகளின் வேதியியலை விரிவாக ஆராய்ந்தவர்களுள் குருக்ஷேத்திரப் பல்கலைக்கழகத்தின் ஜி. வள்ளிநாயகம் முக்கியமானவர். பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் நரேஷ் கோச்சருடன் சேர்ந்து 1990-களில் அவர் வெளியிட்ட கட்டுரைகள் இன்றும் இத்துறையில் மேற்கோள் காட்டப்படுகின்றன. ரீபெக்கைட், ஆர்ஃப்வெட்சோனைட், ஏஜிரின் போன்ற சோடியம் மிகுந்த கனிமங்கள் சிவானா கிரானைட்டில் இருப்பதும், ஜாலோர் கிரானைட் அந்த அளவு காரத்தன்மை அற்றது என்பதும் இப்படிப்பட்ட பொறுமையான வேலையால்தான் தெளிவாயின. ஒரே நெருப்புக் குடும்பம் என்றாலும் ஒவ்வொரு குன்றும் தனித்தனி வரலாறு உடையது.

எப்போது, எதனால்

வயதைப் பொறுத்தவரை சச்சரவு பெரும்பாலும் அடங்கிவிட்டது. 1970-இல் குரோஃபோர்டும் காம்ப்ஸ்டனும் ருபிடியம்–ஸ்ட்ரான்சியம் முறையில் 74 கோடியே 50 லட்சம் ஆண்டு என்று கணித்தார்கள். இந்த முறையில் ஒரு பலவீனம் உண்டு: பாறை பிற்காலத்தில் சூடுபட்டாலோ நீர் ஊடுருவினாலோ ருபிடியமும் ஸ்ட்ரான்சியமும் இடம்பெயர்ந்து, வயது குறைந்து தோன்றும். ஜிர்கான் என்ற சிறு மணிக்குள் அடைபட்ட யுரேனியம் ஈயமாக மாறும் அளவைக் கணக்கிடுவது அதைவிட நம்பகமானது. அந்த முறையில் 2009-இல் கிரெகரி குழுவினர் ரையோலைட்டுக்குத் தந்த வயது 77 கோடியே 10 லட்சம் ஆண்டு, ஐம்பது லட்சம் முன்பின். கிரானைட்டுகளும் சுவர்ப் பாறைகளும் கொஞ்சம் பிந்தியவை. ஆக, 77 கோடிக்கும் 75 கோடிக்கும் இடைப்பட்ட காலத்தில் இந்த நெருப்பின் பெரும்பகுதி எரிந்து முடிந்தது என்று கொள்ளலாம். அப்போது நிலத்தில் புல்லும் மரமும் விலங்கும் எதுவும் கிடையாது. உயிர் கடலில் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அளவில்தான் இருந்தது.

இதே காலத்தில் தமிழ்நாடும் அமைதியாக இருக்கவில்லை. ஜோலார்ப்பேட்டையில் ரயிலிலிருந்து பார்த்தால் தெரியும் ஏலகிரி மலையின் சயனைட் பாறைக்கும், திருப்பத்தூர் அருகே சேவத்தூரின் கார்பனடைட் பாறைக்கும் கணித்த வயதுகள் ஏறத்தாழ 75 முதல் 80 கோடி ஆண்டுக்குள் அடங்குகின்றன. ஏலகிரியையும் அணைந்த எரிமலை என்று சொல்லிவிட முடியாது; அங்கே குழம்பு ஆழத்திலேயே இறுகியது. ஆனால் ராஜஸ்தானில் சாம்பல் வானை மூடிய நாட்களை ஒட்டி வட ஆர்க்காட்டுக்கு அடியிலும் பாறைக்குழம்பு ஊறியது என்பது, இந்தியத் துணைக்கண்டம் முழுவதையும் சேர்த்துச் சிந்திக்க வைக்கும் செய்தி. இரண்டுக்கும் ஒரே காரணம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லச் சான்று போதாது.

எதனால் என்பதுதான் இன்னும் முடியாத வழக்கு. மூன்று தரப்புகள் இருக்கின்றன.

முதல் தரப்பு வெப்பத் தூண் தரப்பு. பூமியின் மேலோட்டுக்குக் கீழே இருக்கும் கவசம் என்ற அடுக்கின் ஆழத்திலிருந்து சூடான பாறை தூணாக மேலெழுந்து, மேலோட்டின் அடியைச் சூடாக்கி உருக்கியது என்பது இதன் வாதம். கோச்சர் நெடுங்காலம் இதை வலியுறுத்தினார். குறுகிய காலத்தில் இவ்வளவு பெரிய அளவு, பசால்ட்டும் ரையோலைட்டும் இருக்க நடுவகைப் பாறை அரிதாக இருப்பது, மலைகள் மோதி உருவாகும் இடங்களில் காணாத கிரானைட் வகை ஆகியவை இதற்குத் துணை நிற்கின்றன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வெப்பத் தூண் வந்தால் முதலில் நிலம் குமிழ்ந்து உயர வேண்டும், பிறகு பசால்ட் பெருவெள்ளமாக ஓட வேண்டும். தக்காணத்தில் பசால்ட் அப்படித்தான் ஓடியது. மலானியில் பசால்ட் மிகக் கொஞ்சம்.

இந்தக் குறையைத்தான் சிரோஹி அரசுக் கல்லூரியைச் சேர்ந்த கே.கே. சர்மா 2005-இல் எழுதிய கட்டுரையில் எடுத்துவைத்தார். நிலம் இழுபட்டு மெலிந்ததால் ஏற்பட்ட வெடிப்புகள்தான் காரணம், தூண் தேவையில்லை என்பது அவர் முடிவு. களத்துக்கு மிக அருகில் வாழ்ந்து, குன்று குன்றாக ஏறிப் பார்த்த ஒருவரின் வாதம் என்பதால் இதற்குத் தனி மதிப்புத் தருகிறேன்.

மூன்றாவது தரப்பு கடலுக்கு அப்பாலிருந்து வந்தது. சீஷெல்ஸ் தீவுகளின் மாஹே கிரானைட்டுகளுக்கு ஏறத்தாழ 75 கோடி ஆண்டு வயது. அந்தத் தீவுகள் தக்காண எரிமலைக் காலத்தின் ஒட்டில்தான் இந்தியாவை விட்டுப் பிரிந்தன. மடகாஸ்கரின் வடக்கிலும் நடுப்பகுதியிலும் இதே காலத்துப் பாறைகள் இருக்கின்றன. மூன்றையும் பழைய இடத்தில் சேர்த்துவைத்தால் நீண்ட ஒரு பட்டை கிடைக்கிறது. டார்ஸ்விக், ஆஷ்வால் முதலியோர் இதைத் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் போன்ற ஓர் எரிமலைத் தொடராகக் கண்டார்கள்: ரோடினியா என்ற பெருங்கண்டத்தின் ஓரத்தில் கடல்தரை கண்டத்துக்கு அடியில் புதைந்தபோது எழுந்த தொடர். மலானி ரையோலைட்டில் உறைந்திருக்கும் காந்தத் திசை இந்த வாதத்துக்கு உதவியது. அந்தத் திசையை அளந்தால், அன்று ராஜஸ்தான் வெப்ப மண்டலத்தில் இல்லை, நடு அட்சரேகையில் இருந்தது என்று தெரிகிறது. சீஷெல்ஸும் அதனோடு ஒத்துப்போகிறது. உலகின் பழங்கண்டங்களை ஒட்டவைக்கும் வேலையில் இந்த ஒரு காந்தத் தரவு மிக அடிப்படையானதாக ஆகிவிட்டது.

என் தீர்ப்பு என்ன என்று கேட்டால், தூணைத் தனியே நம்புவதற்குச் சான்று குறைவு. சீஷெல்ஸும் மடகாஸ்கரும் தரும் பொருத்தம் புறந்தள்ள முடியாதது. அதேசமயம் சிவானாவின் கார கிரானைட்டும் வளையச் சரிவும் நிலம் இழுபடும் இடத்தைத்தான் காட்டுகின்றன. கடல்தரை புதையும் ஓரத்துக்கு உள்ளே, கண்டம் பின்னால் இழுபட்டு மெலியும் பகுதியில் இப்படி இரண்டும் சேர்ந்து நடப்பதற்கு உலகில் எடுத்துக்காட்டுகள் உண்டு. நியூசிலாந்தின் டாபோ எரிமலைப் பகுதி அப்படிப்பட்டது. அங்கும் ரையோலைட்தான் மிகுதி, அங்கும் சரிந்த பெரும்பள்ளங்கள். மலானியைப் படிக்க டாபோவைத் துணைக்கு வைத்துக்கொள்வது, ஹவாயை வைத்துக்கொள்வதைவிட நமக்கு அதிகம் கற்றுத்தரும் என்று நினைக்கிறேன்.

பாலைவனம் பின்னால் வந்தது

இந்தக் குன்றுகளைப் பற்றி எழுதும் பலரும் தவறவிடும் ஒன்று உண்டு. எரிமலையும் பாலைவனமும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதவை. நெருப்பின் வயது 77 கோடி ஆண்டு. தார் மணலில் காலம் கணிக்கப்பட்ட படிவுகள் சில லட்சம் ஆண்டுக்குள் அடங்கிவிடுகின்றன. இடையில் இந்த நிலம் கடலடியில் மூழ்கியது, ஆறு ஓடியது, பிளந்தது. பார்மேர் பிளவுப் படுகையில் படிந்த அடுக்குகளில்தான் 2004-இல் மங்களா எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. ராகேஷ்வரி வயலின் எரிவாயுவோ எரிமலைப் பாறையின் துளைகளுக்குள்ளேயே தேங்கி நிற்கிறது. பார்மேரின் சர்ணூ–தண்டாலியிலும் சிரோஹியின் முண்ட்வாராவிலும் இரண்டாவது முறையாகக் குழம்பு எழுந்தது. 6 கோடியே 85 லட்சம் ஆண்டு வயதான அந்தப் பாறைகள் தக்காணப் பெருவெடிப்பின் முன்னறிவிப்பு என்று பாசுவும் ரென்னேயும் அவர்கள் குழுவினரும் 1993-இல் காட்டினார்கள். வெப்பத் தூண் வாதம் வலுவாகப் பொருந்துவது இந்த இரண்டாம் நெருப்புக்குத்தான். அந்தப் பாறைகளில் ஆழக் கவசத்தின் ஹீலியம் அடையாளம் கிடைத்திருக்கிறது.

பாலைவனம் செய்த உதவி வேறு. மழை குறைந்து மண் மூடாமல், மரம் மறைக்காமல் பாறையைத் திறந்து வைத்திருக்கிறது. நம் ஊரில் ஆரணியாற்று வண்டலும் செம்பூரானும் மூடிக்கொண்டு அடியில் என்ன இருக்கிறது என்று ஆழ்துளைக் கிணறு போட்டால்தான் தெரியும். ஜோத்பூரில் பாறை வாசலிலேயே இருக்கிறது.

அங்கும் ஒரு திரை விழுந்தது. அதை நாம் நன்றாக அறிவோம்: சீமைக் கருவேலம். 1930-களில் ஜோத்பூர் அரசரின் ஏற்பாட்டில் விமானத்திலிருந்து அதன் விதைகள் தூவப்பட்டன. ரையோலைட் பிளவுகளுக்குள் வேர் இறக்கி அது கோட்டைப் பாறையையே விழுங்கியது. 2006-இல் மெஹ்ரான்கர் அடிவாரத்தில் சுமார் 70 ஹெக்டேரில் ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்காவைத் தொடங்கியபோது, பிரதீப் கிருஷனும் அவர் குழுவினரும் எதிர்கொண்ட முதல் சிக்கல் இதுதான். மேலே வெட்டினால் திரும்பத் துளிர்க்கும். வேரைப் பறிக்கப் பாறையை உடைக்க வேண்டும். கண்ட்வாலியா என்ற பரம்பரைக் கல்லுடைக்கும் தொழிலாளர்கள் வந்தார்கள். சுத்தியலால் தட்டி, எழும் ஓசையைக் கேட்டே பிளவு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். ஆறிச் சுருங்கிய ரையோலைட்டின் விரிசல் அமைப்பைப் பல்கலைக்கழகம் போகாமலே காதால் படித்தவர்கள். நிலவியலாளர் பெயர்களோடு அவர்களுடைய அறிவும் இந்த வரலாற்றில் இடம்பெற வேண்டும்.

தொழிற்பேட்டைக்கு இதில் என்ன

சிவானா இன்று வேறொரு காரணத்துக்காகச் செய்தியில் இருக்கிறது. குழம்பு ஆறும்போது ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்சும் முதலில் தங்களுக்கு வேண்டிய தனிமங்களை எடுத்துக்கொள்கின்றன. அந்தப் படிகங்களின் சட்டகத்துக்குள் அடங்காத நியோபியம், ஜிர்கோனியம், அரிய மண் தனிமங்கள் எல்லாம் கடைசிச் சொட்டுக் குழம்பில் சேர்ந்துகொண்டே போகின்றன. சோடியமும் ஃபுளோரினும் மிகுந்த கார கிரானைட்டில் இது மேலும் தீவிரம். பலோத்ரா மாவட்டத்து பாதிகேரா பகுதியில் அரிய மண் தனிமங்களின் இருப்பை அணுசக்தித் துறையின் கனிம ஆய்வு இயக்ககம் நிறுவியிருக்கிறது.

இந்தத் தனிமங்களிலிருந்து செய்யும் காந்தங்கள் இல்லாமல் பெரும்பாலான மின்சார வாகனங்களின் மோட்டாரும் பெரிய காற்றாலைகளில் பலவும் ஓடா. 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தபோது இந்திய வாகனத் தொழில் தடுமாறியது. சென்னையைச் சுற்றிய தொழில் வட்டாரம், திருவள்ளூர் மாவட்டம் உட்பட, அந்தத் தொழிலைப் பெரிதும் நம்பி வாழ்கிறது. இதுவரை இந்தியா அரிய மண்ணுக்குப் பெரிதும் நம்பியது மணவாளக்குறிச்சி போன்ற கடற்கரை மணலின் மோனசைட்டை. அதில் கனம் குறைந்த தனிமங்கள் மிகுதி, தோரியமும் கூடவே வரும். கார கிரானைட்டில் கனமான தனிமங்களும் கிடைக்க வாய்ப்பு உண்டு என்பதுதான் சிவானாவின் ஈர்ப்பு.

இருப்பு இருக்கிறது என்பதும் அதை எடுக்க முடியும் என்பதும் வேறு வேறு. கடின பாறையை அரைத்து, அமிலத்தில் கரைத்து, ஒவ்வொரு தனிமமாகப் பிரிப்பதற்கு நீர் வேண்டும். பலோத்ரா நீர் அரிதான மாவட்டம். துணிச் சாயக் கழிவால் லூனி ஆறு ஏற்கெனவே கெட்டுக் கிடக்கிறது. கும்மிடிப்பூண்டியில் ஆலைப் புகையோடும் நிலத்தடி நீரைப் பற்றிய கவலையோடும் வாழ்கிற நமக்கு அங்குள்ள கிராமத்தினரின் அச்சம் புரியாமல் போகக் கூடாது. காந்தம் நமக்கு வந்து, கழிவு அவர்களுக்குப் போகும் ஏற்பாட்டை ஏற்க முடியாது.

பாறையைக் காப்பதற்கும் முறையான ஏற்பாடு இல்லை. தேசிய நிலவியல் நினைவுச் சின்னம் என்று பலகை நடுவது கௌரவம்தான். உடைப்பவரைத் தண்டிக்கும் அதிகாரம் அந்தப் பலகைக்குக் கிடையாது. இந்த நிலை ஜோத்பூருக்கு மட்டுமல்ல. பரங்கிமலையின் சார்னகைட்டும், திருவக்கரை, சாத்தனூரின் கல்மரங்களும் அதே பட்டியலில் இருக்கின்றன. நிலவியல் மரபிடங்களைக் காக்கும் மசோதாவின் வரைவை மத்திய சுரங்க அமைச்சகம் 2022 இறுதியில் வெளியிட்டது. அதில் குறைகள் உண்டு. அதிகாரம் முழுவதையும் ஒரே துறையில் குவிப்பதாக ஆய்வாளர்கள் சொன்னது நியாயம். மாநிலங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் உள்ளூர் மக்களுக்கும் அதில் பங்கு வேண்டும். அந்தத் திருத்தங்களோடு அதை நாடாளுமன்றம் நிறைவேற்ற வேண்டும் என்று தமிழ்நாட்டு உறுப்பினர்கள் கேட்க வேண்டும். நம்மிடமும் இழப்பதற்கு அல்லிக்குழியின் சரளைப் படிவுகள் இருக்கின்றன, குடியம் குகைகள் இருக்கின்றன. பொக்லைன் வந்த பிறகு மனு எழுதிப் பயனில்லை.